மறுத்தவர்களின் மரபணு

ஐஸ்லாந்தின் தொலைபேசிக் கையேடு அச்சில் வந்த காலத்தில் பெயர்கள் முதற்பெயர் வரிசையில் அச்சிடப்பட்டிருந்தன. அங்கே பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. ஸ்டெஃபானின் மகன் ஸ்டெஃபான்சன். யோனின் மகள் யோன்ஸ்தோத்திர். நம்ம இனிஷியல் கதைதான், பெயருக்கு முன்னால் போடுவதைப் பின்னால் போடுகிறார்கள், அவ்வளவே. தாத்தாவின் பெயர் பேரனிடம் வந்து சேராது. அப்படிப்பட்ட ஊரில் ஒருவர் யார் என்று தெரிய வேண்டுமென்றால் வம்சாவளி தெரிய வேண்டும்.

அதனாலோ என்னவோ, அந்தத் தீவில் எழுதி வைக்கும் பழக்கம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நார்வேயிலிருந்தும் பிரிட்டிஷ் தீவுகளிலிருந்தும் வந்து குடியேறியவர்கள், அவர்களின் வழித்தோன்றல்கள் என 3,000க்கும் மேற்பட்டோரின் பெயர்களைச் சொல்கிறது 'லாண்ட்னாமபோக்' என்ற பழைய குடியேற்ற நூல். 1703இல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கில் நாட்டிலுள்ள ஒவ்வொருவரின் பெயரும் வயதும் பதிவாகின. மொத்தம் 50,358 பேர். ஒரு நாடு முழுவதையும் பெயரோடு எண்ணிய முதல் கணக்கெடுப்பாக இதைச் சொல்வார்கள். 1783இல் லாக்கி எரிமலைப் பிளவு வெடித்தபோது ஆடுமாடுகள் செத்து, பஞ்சம் வந்து, மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இறந்தார்கள். பெயர்கள் மட்டும் ஏட்டில் தங்கின.

1990களில் இந்த ஏடுகளை ஒரு நரம்பியல் மருத்துவர் வேறொரு கண்ணோடு பார்த்தார். அவர் பார்த்தது ஒரு டேட்டாபேஸை.

*

அவர் பெயர் காரி ஸ்டெஃபான்சன். 1949இல் ரெய்க்யவிக்கில் பிறந்தவர். தந்தை வானொலியாளர், எழுத்தாளர், நாடாளுமன்ற உறுப்பினர். காரி மருத்துவம் படித்து சிகாகோவிலும் பிறகு ஹார்வர்டிலும் பணிபுரிந்தார். அவருடைய ஆராய்ச்சி மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் பற்றியது.

அந்தக் காலத்தில் மரபியல் எங்கே நின்றது என்று சொன்னால்தான் அவர் கண்ட கனவு புரியும். ஒற்றை மரபணு கெட்டுப்போவதால் வரும் அரிய நோய்களைப் பிடிப்பதில் அறிவியல் வேகமாக முன்னேறிக்கொண்டிருந்தது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் மரபணு 1989இல் கிடைத்தது, ஹண்டிங்டன் மரபணு 1993இல். ஆனால் மக்களைக் கூட்டம் கூட்டமாகத் தாக்குபவை இவை அல்ல. சர்க்கரை, மாரடைப்பு, பக்கவாதம், புற்றுநோய், மனச்சிதைவு ஆகியவை குடும்பங்களில் 'ஓடுகின்றன' என்று எல்லோருக்கும் தெரியும். 'அவங்க அப்பாவுக்கும் ஹார்ட் அட்டாக்தான்' என்று துக்க வீட்டில் பேசிக்கொள்கிறோமே, அதுதான். ஆனால் அவை எந்த ஒழுங்கிலும் ஓடுவதில்லை. அண்ணனுக்கு இருக்கும், தம்பிக்கு இருக்காது. பாட்டிக்கு இருக்கும், அம்மாவைத் தாண்டி மகனிடம் வரும்.

உயரம் போன்ற பண்புகள் ஏராளமான மரபுக் காரணிகளின் சிறுசிறு விளைவுகள் சேர்ந்து உருவாகலாம் என்று ரொனால்ட் ஃபிஷர் 1918லேயே கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார். பொதுவான நோய்களும் அப்படித்தான் என்றால், ஒவ்வொரு காரணியும் ஆபத்தைக் கொஞ்சமே கூட்டும். அந்தக் 'கொஞ்ச'த்தைக் கண்ணால் பார்க்க ஆயிரக்கணக்கில் நோயாளிகள் வேண்டும். இல்லையென்றால், நோயாளிகளுக்குள் யார் யாருக்கு என்ன உறவு என்று பல தலைமுறைக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஐந்தாறு தலைமுறைக்கு முன் ஒரே முன்னோரைக் கொண்ட நாற்பது நோயாளிகள் கிடைத்தால், அவர்கள் டிஎன்ஏவில் பொதுவாக இருக்கும் துண்டுகளைத் தேடலாம். தேட வேண்டிய இடம் சுருங்கிவிடும்.

ஐஸ்லாந்தில் அப்போது சுமார் 2,70,000 பேர். எல்லோருக்கும் வம்சாவளி உண்டு. எல்லோருக்கும் அரசு மருத்துவம், அதனால் எல்லோருக்கும் மருத்துவப் பதிவு உண்டு. 1955 முதல் நாடு முழுவதற்குமான புற்றுநோய்ப் பதிவேடு உண்டு. இரத்தம் மட்டும்தான் பாக்கி.

1996இல் காரி, சக ஆய்வாளர் ஜெஃப்ரி கல்ச்சரோடு சேர்ந்து 'டிகோட் ஜெனடிக்ஸ்' என்ற நிறுவனத்தை ஆரம்பித்தார். வம்சாவளியைக் கணினியில் ஏற்ற அவருக்குக் கிடைத்த கூட்டாளி ஃப்ரித்ரிக் ஸ்கூலாசன். பழைய கணினிக்காரர்களுக்கு இவரைத் தெரிந்திருக்கும், எஃப்-ப்ராட் ஆன்டிவைரஸை எழுதியவர். வைரஸ் பிடித்த நேரம் போக மிச்ச நேரத்தில் வம்சாவளி மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தார். 2003இல் இந்த முயற்சி 'ஐஸ்லாந்தர் நூல்' என்ற பொருள்தரும் 'இஸ்லெண்டிங்காபோக்' இணையதளமாகப் பொதுமக்களுக்குத் திறந்தது. இரண்டு பேரின் பெயரைக் கொடுத்தால் எந்தத் தலைமுறையில் உறவு சேர்கிறது என்று சொல்லிவிடும். 2013இல் மாணவர்கள் சிலர் அதற்கு ஒரு மொபைல் செயலி செய்தார்கள். இரண்டு போன்களை முட்டினால் போதும், காதலிக்கலாமா, சித்தப்பா பிள்ளையா என்று தெரிந்துவிடும். உலகப் பத்திரிகைகள் அதை எழுதி எழுதிச் சிரித்தன.

*

1998 பிப்ரவரியில் சுவிஸ் மருந்து நிறுவனமான ரோச், பன்னிரண்டு நோய்களின் மரபணுக்களைத் தேட டிகோடுடன் ஒப்பந்தம் போட்டது. எல்லாம் சரியாக நடந்தால் 20 கோடி டாலர் வரை. அந்தச் சின்ன நாட்டுக்கு அது திருவிழா. வெளிநாட்டில் படித்துவிட்டுத் திரும்ப வழியில்லாமல் இருந்த ஐஸ்லாந்து விஞ்ஞானிகள் வேலைக்கு ஊர் திரும்பினார்கள்.

அதே ஆண்டு டிசம்பர் 17 அன்று ஐஸ்லாந்து நாடாளுமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. நாட்டின் எல்லா மருத்துவப் பதிவுகளையும் ஒரே தரவுத்தளத்தில் சேர்க்கலாம், அதை நடத்தும் உரிமையை ஒரு நிறுவனத்துக்குக் கொடுக்கலாம் என்றது சட்டம். உரிமம் டிகோடுக்குக் கிடைத்தது, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு.

சண்டை எங்கே வந்தது என்றால், சம்மதத்தில். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்றது சட்டம். வேண்டாம் என்பவர் படிவம் நிரப்பிக் கொடுத்து விலகிக்கொள்ளலாம். பேசாமல் இருந்தால் சம்மதம் என்று பொருள். ஆப்பை நிறுவும்போது முன்கூட்டியே டிக் அடித்து வைத்திருக்கும் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். ஒரு தேசத்தின் மருத்துவ வரலாற்றுக்கே அப்படி ஒரு பெட்டி. இறந்தவர்களின் பதிவுகளும் உள்ளே போகும். அவர்கள் எந்தப் படிவத்தை நிரப்புவார்கள்?

மருத்துவர் சங்கம் எதிர்த்தது. 'மன்வெர்ன்ட்' என்ற எதிர்ப்பு இயக்கம் பிறந்தது. அமெரிக்க மரபியலாளர் ரிச்சர்ட் லெவன்டின் நியூயார்க் டைம்ஸில் கடுமையாக எழுதினார். சுமார் 20,000 பேர் விலகல் படிவம் கொடுத்தார்கள், மக்கள்தொகையில் ஏழு சதவீதம். மற்ற 93 சதவீதம் ஆதரித்ததா, அலட்சியமாக இருந்ததா என்று அந்தச் சட்டத்தை வைத்துச் சொல்ல முடியாது. பேசாதவரை எப்படி எண்ணுவது என்பதுதான் அதன் கோளாறே.

எதிர்ப்பு ஒருபக்கம் இருக்க, டிகோட் பங்குகளை வாங்க ஐஸ்லாந்து மக்கள் முண்டியடித்தார்கள். சந்தைக்கு வருவதற்கு முன்பே கைமாறிய பங்குகளுக்கு 60 டாலர் வரை விலை போனது. 2000 ஜூலையில் நாஸ்டாக்கில் 18 டாலருக்குத்தான் வெளியானது. பிறகு சில டாலர்களுக்குச் சரிந்தது. மரபணுவை மட்டும் இல்லை, சேமிப்பையும் பலர் அதில் போட்டிருந்தார்கள்.

*

அந்தத் தரவுத்தளம் கடைசிவரை கட்டப்படவே இல்லை. காரணங்கள் பல. அவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு இளம்பெண் தொடுத்த வழக்கு.

அவருடைய தந்தை 1991இல் இறந்துவிட்டார். அப்பாவின் மருத்துவப் பதிவுகளைத் தரவுத்தளத்துக்கு மாற்றக் கூடாது என்று மகள் விண்ணப்பித்தார். அதிகாரிகள் மறுத்தார்கள். கீழ் நீதிமன்றமும் மறுத்தது. 2003 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அப்பாவின் சார்பாக மகள் மறுப்புத் தெரிவிக்க முடியாது. ஆனால் அப்பாவின் பதிவுகளிலிருந்து அவருடைய பரம்பரைப் பண்புகளை ஊகிக்கலாம். அதே பண்புகள் மகளிடமும் இருக்கலாம். ஆகவே அப்பாவின் பதிவைப் பற்றி மகளுக்குச் சொந்த அக்கறை இருக்கிறது, அவர் தன் சார்பிலேயே மறுக்கலாம். அடையாளத்தை மறைக்கச் சட்டம் செய்திருக்கும் ஏற்பாடுகள், அரசியலமைப்பு தரும் அந்தரங்க உரிமையைக் காக்கப் போதாது.

இந்தத் தீர்ப்பைப் பலர் தனிமனித உரிமையின் வெற்றியாகக் கொண்டாடினார்கள். வெற்றிதான். ஆனால் உள்ளே இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. அப்பாவின் தகவல் மகளின் தகவலும்தான் என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டுவிட்டது. அப்படியென்றால் மகள் தன் இரத்தத்தைத் தன் விருப்பப்படி ஆய்வுக்குக் கொடுக்கும்போது, தம்பியின் தகவலையும் கொஞ்சம் கொடுக்கிறாள் அல்லவா? தம்பியிடம் யார் கேட்டார்கள்?

*

சட்டம் முடங்கியதும் டிகோட் சாதாரண வழிக்கு வந்தது. ஒவ்வொருவரிடமும் எழுத்துப்பூர்வமாகச் சம்மதம் வாங்கி இரத்தம் சேகரித்தார்கள். ஆச்சரியம் என்னவென்றால், கேட்டால் மக்கள் கொடுத்தார்கள். காலப்போக்கில் 1,60,000க்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள், வயதுவந்தோரில் பாதிக்கு மேல்.

கண்டுபிடிப்புகள் வரத் தொடங்கின. 2006இல் டிசிஎஃப்7எல்2 என்ற மரபணு. அதில் ஒரு குறிப்பிட்ட மாற்றத்தின் ஒரு பிரதி இருந்தால் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயின் ஆபத்து ஏறத்தாழ 1.4 மடங்கு, இரண்டு பிரதி இருந்தால் 2.4 மடங்கு. பின்னர் இந்தியர்கள் உட்படப் பல மக்களிடமும் இது உறுதியானது. 2007இல் ஒன்பதாவது குரோமோசோமில் மாரடைப்போடு தொடர்புள்ள ஓர் இடம். அதே நேரத்தில் வேறொரு குழுவும் அதைத் தனியாகக் கண்டது. ஐரோப்பிய வம்சாவளியினரில் ஐந்தில் ஒருவரிடம் அதன் இரண்டு பிரதிகளும் இருக்கின்றன, அவர்களுக்கு ஆபத்து சுமார் 1.6 மடங்கு. 2012இல் கண்ட ஒன்று தலைகீழானது. ஏபிபி மரபணுவில் உள்ள அந்த அரிய மாற்றம் அல்சைமரிலிருந்து மனிதரைக் காக்கிறது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். '1.6 மடங்கு' என்பதை ஜாதகப் பலன் மாதிரி வாசிக்கக் கூடாது. ஐந்தில் ஒருவரிடம் இருக்கும் மாற்றம், ஐந்தில் ஒருவரை மாரடைப்பில் தள்ளிவிடுவதில்லை. நூறு பேரில் பத்துப் பேருக்கு வருவது பதினாறு பேருக்கு வரும், அவ்வளவுதான். மிச்சம் 84 பேர் அதைச் சுமந்துகொண்டே வேறு காரணத்தால் இறப்பார்கள். புகை, உப்பு, உறக்கம், வேலை என்று மற்ற கணக்குகள் தனியே ஓடிக்கொண்டிருக்கும்.

அறிவியல் வென்றது, வியாபாரம் தோற்றது. 2007 நவம்பரில் டிகோட் 985 டாலருக்கு நேரடி மரபணுச் சோதனை விற்க ஆரம்பித்தது. சில நாள் கழித்து 23அண்ட்மீ 999 டாலருக்கு வந்தது. 2009இல் டிகோட் திவாலானது. முதலீட்டாளர்கள் கைக்குப் போய், 2012இல் அமெரிக்க மருந்து நிறுவனமான ஆம்ஜென் அதை 41.5 கோடி டாலருக்கு வாங்கியது. மக்கள் சம்மதம் கொடுத்தது ஒரு நிறுவனத்துக்கு, போய்ச் சேர்ந்தது இன்னொன்றிடம். 2025இல் 23அண்ட்மீ திவாலானபோது 1.5 கோடி வாடிக்கையாளர்கள் இதே கேள்வியோடு நின்றார்கள். ஐஸ்லாந்துக்காரர்கள் அந்தப் படத்தை முன்பே பார்த்துவிட்டார்கள்.

*

இனி இந்த வரலாற்றின் மையத்துக்கு வருகிறேன்.

ஒருவரின் முழு மரபணுத்தொகுதியில் சுமார் 300 கோடி எழுத்துகள். எல்லாவற்றையும் எல்லோருக்கும் வாசிப்பது அப்போது கட்டுப்படியாகாத செலவு. ஆகவே டிகோட் 2,636 பேருக்கு மட்டும் முழுமையாக வாசித்தது. மேலும் 1,04,220 பேருக்கு சில லட்சம் இடங்களை மட்டும் மலிவான சில்லு மூலம் பார்த்தது. நடுவில் விடுபட்ட எழுத்துகளைக் கணக்குப் போட்டு நிரப்பியது. இது மந்திரம் இல்லை. பதிப்பாசிரியர்கள் ஒரே நூலின் பல ஏட்டுப் பிரதிகளைப் பக்கத்தில் வைத்து, ஒன்றில் செல்லரித்த இடத்தை மற்றொன்றைப் பார்த்து நிரப்புவார்களே, கிட்டத்தட்ட அதுதான். உறவினர்களின் டிஎன்ஏவில் நீளநீளமான துண்டுகள் ஒரே மூலத்திலிருந்து படியெடுத்தவை. எந்தப் பிரதி எதிலிருந்து வந்தது என்று வம்சாவளி சொல்லிவிடும்.

இதே கணக்கை இன்னும் ஓர் அடி நீட்டினால், இரத்தமே கொடுக்காதவரையும் வாசிக்கலாம். ஒரு தாத்தாவிடம் ஓர் அரிய மாற்றம் இருக்கிறது. அவருடைய மகள்வழிப் பேத்தியிடமும் அதே மாற்றம் இருக்கிறது. இருவரும் சம்மதித்து இரத்தம் கொடுத்தவர்கள். நடுவில் இருக்கும் அம்மா 'எனக்கு வேண்டாம்' என்று மறுத்தவர். அம்மாவிடம் அந்த மாற்றம் இருக்கிறதா? பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

நான் வேலை பார்க்கும் மென்பொருள் உலகில் 'என் தரவை அழித்துவிடு' என்று பயனர் கேட்டால் அவருடைய வரிசையை அழிப்போம். அட்டவணையில் அவர் இருந்த தடமே இருக்காது. மரபணு அட்டவணையில் ஒரு வரிசையை அழித்தால், மேலும் கீழும் உள்ள வரிசைகளைக் கொண்டு அதைத் திரும்ப எழுதிவிடலாம். அழி பொத்தான் இருக்கும், அழிக்காது.

எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு 2018இல் வந்த ஓர் ஆய்வைச் சொல்லலாம். ஹான்ஸ் யோனதான் 1784இல் கரீபியத் தீவு ஒன்றில் அடிமையாகப் பிறந்தவர். டென்மார்க் கொண்டுசெல்லப்பட்டு, அங்கிருந்து 1802இல் ஐஸ்லாந்துக்குத் தப்பிவந்து, குடும்பம் நடத்தி, 1827இல் இறந்தார். அவருடைய எலும்போ முடியோ எதுவும் கையில் இல்லை. அனுராதா ஜெகதீசனை முதல் ஆசிரியராகக் கொண்ட குழு, அவருடைய வழித்தோன்றல்களில் 182 பேரின் டிஎன்ஏவிலிருந்து ஆப்பிரிக்க மூலத் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்து, தாயிடமிருந்து அவர் பெற்ற பாதியில் 38 சதவீதத்தை மீட்டெடுத்தது. சொந்த உடம்பின் மீதே உரிமை இல்லாமல் பிறந்த மனிதர் அவர். இறந்து இரண்டு நூற்றாண்டு கழித்து, பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் வழியாகத் திரும்ப வாசிக்கப்பட்டார். எனக்கு இதில் வியப்பும் கூச்சமும் சரிசமமாக வருகிறது.

2013இல் ஐஸ்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் குறுக்கே நின்றது. சம்மதம் தராதவர்களின் மரபணுவைக் கணித்து, மருத்துவமனைப் பதிவுகளோடு இணைக்க டிகோட் கேட்ட அனுமதியை மறுத்தது.

*

கதை இங்கே முடிந்திருந்தால் நல்லவர் கெட்டவர் யாரென்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் பிஆர்சிஏ2 என்று ஒரு மரபணு இருக்கிறது.

அந்த மரபணுவில் ஐந்து எழுத்துகள் விடுபட்ட ஒரு மாற்றம், பல ஐஸ்லாந்துக் குடும்பங்களில் ஒரே முன்னோரிடமிருந்து இறங்கிவந்திருக்கிறது என்பது 1996லேயே தெரியும். மக்களில் சுமார் 0.8 சதவீதத்தினரிடம் அது இருக்கிறது. அதைச் சுமக்கும் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோயும் கருப்பைமுட்டைப் புற்றுநோயும், ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோயும் வரும் ஆபத்து மிக அதிகம். மேலே சொன்ன 1.6 மடங்குக் கணக்கு இங்கே செல்லாது, இது வேறு ரகம். முன்கூட்டியே தெரிந்தால் தொடர் பரிசோதனை செய்யலாம், அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம். உயிர் பிழைக்க வழியிருக்கிறது.

ஒரு பொத்தானைத் தட்டினால் இவர்கள் எல்லோரையும் அடையாளம் காண முடியும் என்று காரி 2015இல் வெளிப்படையாகச் சொன்னார். ஆபத்தில் இருப்பவரை எச்சரிப்பது கடமை என்று வாதாடினார். ஆனால் ஆய்வுக்குக் கொடுத்த சம்மதம் ஆய்வுக்கு மட்டும்தான். 'உங்களுக்கு இப்படி இருக்கிறது' என்று வந்து சொல்ல அதில் இடமில்லை. தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் மனிதருக்கு உரிமை உண்டு என்றார்கள் எதிர்த்தவர்கள். வருடங்கள் போயின. அத்தனை வருடமும் ஒரு சர்வரில் பெயராக மாற்றத்தக்க வடிவில் அந்தப் பட்டியல் கிடந்தது. பட்டியலில் உள்ளவர்கள் பல்லைத் துலக்கி, வேலைக்குப் போய், சிலர் கட்டியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

2018 மே மாதம் டிகோட் ஓர் இணையதளம் திறந்தது. தெரிந்துகொள்ள விரும்புபவர் தானாக வந்து கேட்டால் பிஆர்சிஏ2 நிலையைச் சொல்வோம் என்றது. பல்லாயிரம் பேர் வந்து கேட்டார்கள். ஆனால் கேட்டவருக்கு 'உண்டு' என்று பதில் வந்தால், அது அவருடைய அம்மா அல்லது அப்பாவுக்கும் வந்த பதில். அக்காவுக்குப் பாதி வந்த பதில். அவர்கள் கேட்கவில்லை.

2023இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் டிகோட் ஒரு கணக்கு வெளியிட்டது. முன்கூட்டித் தெரிந்தால் ஏதாவது செய்யக்கூடிய நோய்க்கான மரபணு மாற்றம், ஐஸ்லாந்தில் 25 பேரில் ஒருவரிடம் இருக்கிறது. பிஆர்சிஏ2 மாற்றம் உள்ளவர்களின் இடைநிலை ஆயுள் மற்றவர்களைவிட ஏழு ஆண்டு குறைவு. மௌனத்தின் விலை என்ன என்று யாராவது கேட்டால், பதிலுக்கு இப்போது ஓர் எண் இருக்கிறது.

*

ஐஸ்லாந்து ஒரு விசித்திரத் தீவு, நமக்கென்ன என்று நினைக்கலாம். 2017இல் ஹைதராபாத்தின் சிசிஎம்பியைச் சேர்ந்த குமாரசாமி தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரீச்சும் பங்கேற்ற ஓர் ஆய்வு, தெற்காசியாவின் 263 சமூகக் குழுக்களைப் பார்த்தது. அவற்றில் 81 குழுக்கள், ஃபின்லாந்து மக்களைவிடவும் அஷ்கெனாசி யூதர்களைவிடவும் சிறிய முன்னோர் கூட்டத்திலிருந்து பெருகியிருந்தன. கடல் சூழாமலேயே நாம் நிறையத் தீவுகளைக் கட்டி வைத்திருக்கிறோம். சாதிக்குள்ளேயே, சில இடங்களில் அத்தை மகள் மாமன் மகனுக்குள்ளேயே, தலைமுறை தலைமுறையாகத் திருமணம் செய்து. ஏட்டில் எழுதி வைக்காத வம்சாவளியை டிஎன்ஏ எழுதி வைத்திருக்கிறது. ஒரே ஒரு வித்தியாசம், இங்கே எச்சில் குழாயில் துப்பும் ஒருவர், முகம் தெரியாத எத்தனை ஆயிரம் பேருக்காகவும் சேர்த்துத் துப்புகிறார் என்று சொல்ல ஒரு இஸ்லெண்டிங்காபோக் இல்லை.

காரியைக் குற்றவாளி என்றும் சொல்ல முடியவில்லை, தீர்க்கதரிசி என்றும் சொல்ல முடியவில்லை. முதலில் கேட்காமல் எடுக்கப் பார்த்தார். பிறகு கேட்டு வாங்கினார். கேட்டு வாங்கியதே கேட்காதவர்களிடமும் கொண்டுபோய்விட்டது. அதைக் கொண்டு உயிர் காக்க முடியும் என்றபோது, முன்பு செய்த அதே காரியம் வேறு முகத்தோடு வந்து நின்றது.

சம்மதம் என்பதை நாம் ஒற்றை மனிதரின் கையெழுத்தாகத்தான் பழகியிருக்கிறோம். பரம்பரை நோயாபத்தோ ஒரு கூட்டுப் பட்டா. நாலு பேர் பெயரில் இருக்கும் நிலத்தை ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்டு விற்க முடியாது என்று பத்திரப் பதிவு அலுவலகத்துக்குத் தெரியும். அதே நிலத்தில் தீப்பிடித்தால், நாலு பேரிடமும் கையெழுத்து வாங்கும்வரை தண்ணீர் ஊற்றாமல் நிற்கவும் முடியாது. ஐஸ்லாந்து இந்த இரண்டுக்கும் நடுவில் கால் நூற்றாண்டாக நிற்கிறது. அந்த நாடு இதுவரை கண்ட தீர்வு, கேட்பவருக்கு மட்டும் திறக்கும் ஒரு கதவு. கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகும் மகள், சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் என்ன சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டமும் எழுதவில்லை.